மூடி மறைத்த தளம், மூடி மறைத்த கணக்கு

கட்டட வேலையை லைசென்சு பெற்ற ஒப்பந்தக்காரரிடமே ஒப்படையுங்கள், லைசென்சு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள் என்று கலிபோர்னியா மாநில அரசாங்கம் தன் மக்களுக்கு ஓயாமல் உபதேசம் செய்து வருகிறது. நல்ல உபதேசந்தான், மறுப்பார் இல்லை. ஆனால், தோழரே, அந்த எண்ணைச் சரிபார்த்தவனுக்கு அரசாங்கம் தருகிற விடை யாது? இவர் தேர்வு எழுதினார், கட்டணம் கட்டினார், ஜாமீன் வைத்தார், ஆகவே இவர் தொழில் நடத்தலாம் என்பதே விடை. இவர் கட்டியவை நிற்கின்றனவா, நனைகின்றனவா, உள்ளுக்குள்ளே உளுத்துக்கொண்டிருக்கின்றனவா? அதற்கு விடை இல்லை. அறியாமையால் நேர்ந்த குறை என்று இதை மன்னித்துவிட முடியாது. கேட்டால் தெரிந்துவிடுமே என்று அஞ்சியவர்கள், கேட்கவே விடாமல் தடுத்து வைத்த கேள்வி அது. தடுத்தவர் யார், தடுத்ததால் நேர்ந்தது என்ன என்பதை விரித்துரைக்கவே இந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கோ கிடக்கும் கலிபோர்னியாவின் கட்டடச் சட்டம் நமக்கெதற்கு என்பீர்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றியுள்ள அடுக்கு வீடுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். மாலை நேரத்தில் பால்கனியில் நின்றபடி அம்மாவோடு தொலைபேசியில் பேசுகிறார்கள். அவர்கள் காலடியில் இருப்பது என்ன என்று அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. வாடகை வாங்குகிறவருக்கே தெரியாமல் இருந்த காலமும் உண்டு.

2015-ஆம் ஆண்டு ஜூன் 16. பர்க்லி நகரம், கிட்ரெட்ஜ் தெரு. நள்ளிரவு கடந்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நான்காம் மாடியில் ஒரு பிறந்தநாள் விருந்து. பதின்மூன்று இளைஞர்கள் பால்கனியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து கோடை விடுமுறையில் வேலை செய்து நாலு காசு சேர்த்துக்கொண்டு போகலாம் என்று வந்த கல்லூரி மாணவர்கள். அந்தப் பால்கனி சுவரோடு முறிந்து, கவிழ்ந்து, கீழ்மாடிப் பால்கனியின்மேல் விழுந்தது. ஆறு பேர் மாண்டனர். ஏழு பேர் படுகாயமுற்றனர். அந்தக் கட்டடத்தின் வயது நூறு ஆண்டன்று, ஐம்பது ஆண்டுமன்று. 2007-இல் கட்டி முடிக்கப்பட்டது, எட்டே ஆண்டு! நம் ஊரில் ஒரு தென்னம்பிள்ளை நட்டால் அது நன்றாகக் காய்க்கத் தொடங்கும் பருவம். அதற்குள் அங்கே உத்திரம் கையால் பிய்க்கும் அளவுக்கு இற்றுப்போயிற்று. நகராட்சி உடனே ஆராய்ந்து, கீழே இருந்த பால்கனியும் விழும் நிலையில் இருப்பதாகக் கண்டு, அதையும் அகற்ற ஆணையிட்டது.

மறுநாள் என்ன எழுதினார்கள் தெரியுமா? அமெரிக்காவின் பெரும் பெயர்பெற்ற நாளேடான நியூயார்க் டைம்ஸ், இந்த அயர்லாந்து மாணவர்கள் குடித்துக் கூத்தாடி, குடியிருந்த வீடுகளைப் பாழாக்கியவர்கள் என்ற பழங்கதையைச் செய்தியோடு சேர்த்து வெளியிட்டது. பிணங்கள் இன்னும் தாயகம் போய்ச் சேரவில்லை! அயர்லாந்தே கொதித்தெழுந்தது. முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்காலீஸ் கண்டனக் கடிதம் எழுதினார். அந்த ஏடு பின்னர் வருத்தம் தெரிவித்தது. ஆனால் இந்தப் புத்தி தனியொரு ஏட்டின் புத்தி மட்டுமன்று. எங்கே கட்டடம் விழுந்தாலும், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவர் அதில் நின்றவர்தான். கட்டியவர் கடைசியில்தான் நினைவுக்கு வருவார். பதின்மூன்று பேர் நின்றால் தாங்காத பால்கனியைப் பால்கனி என்று சொல்லி வாடகைக்கு விட்டது யார் என்று அன்றே கேட்டிருக்க வேண்டாமா?

விழுந்ததன் காரணத்தை முதலில் விளங்கிக்கொள்வோம். நம் பழைய மச்சு வீடுகளிலும் மரந்தான் சுமந்தது. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். தண்ணீர் ஓட வாட்டம் சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் வீட்டுக்காரர் கண்முன்னே ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிக் காட்டுவார். உத்திரமோ அறைக்குள் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும். ஓதம் ஏறினால் கறை தெரியும், கறை தெரிந்தால் ஆளை அழைப்பார்கள்.

கலிபோர்னியாவின் அடுக்கு வீட்டுப் பால்கனி அப்படியன்று. சுவரிலிருந்து கை நீட்டியதுபோல மரச் சட்டங்கள் வெளியே நீளும். அவற்றின்மேல் பலகை. பலகையின்மேல் நீர்புகாப் படலம். படலத்தின்மேல் மெல்லிய காங்கிரீட்டுப் பூச்சு அல்லது ஓடு. கீழ்ப்புறத்தையும் அழகுக்காகப் பலகையோ சாந்தோ போட்டு மூடிவிடுவார்கள். இவ்வளவிலும் உயிர்நாடி அந்தப் படலந்தான். சுவரும் தளமும் சேரும் மூலை, கதவின் வாசற்படி, கைப்பிடிக் கம்பியின் கால் துளைக்கும் இடம் ஆகிய இவை மூன்றிலும் தகட்டை எந்த வரிசையில் மடிப்பது, மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் விழுகிறதா, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் இருக்கிறதா என்பவற்றில்தான் உயிர் இருக்கிறது. ஒரு மடிப்பு தலைகீழாகப் போனால் போதும், மழைநீர் உள்ளே போகும். உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லை. மேலேயும் மூடி, கீழேயும் மூடி! மரம் பெட்டிக்குள் ஊறிக்கொண்டிருக்கும்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஆங்கிலத்தில் உலர் இற்றல் என்ற பொருள் தரும். வேடிக்கை பாருங்கள்! உலர்ந்த மரம் எந்நாளும் இற்றுப்போவதில்லை. ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூசணம் தொடாது. நூற்றுக்கு முப்பதை எட்டும்படி ஊறிய மரத்தைத்தான் அது தின்னும். தின்று முடித்து மரம் காய்ந்து பொடிந்த பிறகு பார்க்கிறவனுக்கு அது உலர்ந்ததாகத் தோன்றுகிறது. நீரால் வந்த சாவுக்கு உலர்ச்சியின் பெயர். குற்றம் செய்தவனுக்கு வசதியான பெயர்!

பர்க்லியில் நடந்ததும் இதுதான். 2016 மார்ச்சில் அலமேடா கவுண்டியின் அரசு வழக்கறிஞர் நான்சி ஓமாலி தம் விசாரணையின் முடிவை வெளியிட்டார். பால்கனித் தளத்துக்குள் நீர் அடைபட்டு மரம் இற்றுப்போனதே காரணம், பொறுப்பு கட்டியவர், பராமரித்தவர் எனப் பலர் தலையிலும் இருக்கக்கூடும், ஆனால் ஒருவர்மீதும் மரணம் விளைவித்த குற்றம் சாட்டுவதற்கில்லை என்றார். பயன்படுத்திய பொருள்களில் சில கட்டட விதிக்கு முரணானவை அல்லவாம். இருப்பினும் நீர் தேங்குவதற்கு அவை துணை போயினவாம். பலர் குற்றம் என்றால் ஒருவர் குற்றமும் இல்லை என்று ஆகிவிட்டது! முன்பு குடியிருந்தவர்கள் அந்தப் பால்கனியில் காளான் முளைத்திருக்கக் கண்டு முறையிட்டார்கள் என்று வழக்கு மனுக்கள் கூறின. காளான்! சமையற்கட்டு ஓரத்துக் கூரையில் காளான் கண்டால் நம் பாட்டி என்ன செய்வாள்? கூரையைப் பிரிக்கச் சொல்வாள்.

இனி, மூடி மறைத்த கணக்குக்கு வருவோம்.

அந்தக் கட்டடத்தின் முதன்மை ஒப்பந்தக்காரர் லைசென்சு இல்லாத ஆளல்லர். எண் கேட்டால் எண் உண்டு, சரிபார்த்தால் சரியாக இருந்திருக்கும். ஆனால் பால்கனி விழுவதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் மட்டும், வேறு வேறு கட்டடங்களின் குறைபாடுகள் குறித்து அந்த நிறுவனத்தின்மேல் தொடுக்கப்பட்ட வழக்குகளில் 2 கோடியே 65 லட்சம் டாலர் சமரசத் தொகையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. மாநில ஒப்பந்தக்காரர் லைசென்சு வாரியத்துக்கு இது தெரியாது. ஏன் தெரியாது? தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை! வாரியம் 1929-இல் தோன்றியது. எண்பத்தாறு ஆண்டு வயதுவந்த அந்த வாரியம், தான் முத்திரை குத்தி அனுப்பிய ஆள், கட்டிய வீடுகளுக்காகக் கோடிக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பதைச் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

வாரியத்திடம் ஒப்பந்தக்காரர் வைத்திருக்க வேண்டிய ஜாமீன் அப்போது எவ்வளவு தெரியுமா? 12,500 டாலர். கொடுக்கப்பட்ட சமரசத் தொகை இதைப்போல் 2,000 மடங்குக்கும் மேல். ஜாமீன் தொகை 2016-இல் 15,000 ஆயிற்று, 2023 முதல் 25,000 ஆயிற்று. ஒரு நல்ல பால்கனியைப் பிரித்து மறுபடி கட்டுவதற்குள் அது கரைந்துபோகும். அதுவும் ஒருவருக்கென்று ஒதுக்கிய பணமன்று. அந்த ஒப்பந்தக்காரரால் பாதிக்கப்பட்ட அத்தனை பேரும் அந்த ஒரே பானையில்தான் கை விட வேண்டும்.

அதே மாநிலத்தில் மருத்துவருக்கு என்ன விதி? தவறான சிகிச்சை வழக்கில் 30,000 டாலருக்கு மேல் சமரசம் செய்தால் மருத்துவ வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும். பொறியாளருக்கு? 50,000 டாலர் என்றால் சொல்லியாக வேண்டும். கட்டடத்தை வரைகிற கலைஞருக்கு? 5,000 டாலரே போதும், சொல்லியாக வேண்டும். காகிதத்தில் கோடு போடுகிறவன் 5,000 டாலருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டின்படி மரத்தையும் ஆணியையும் கொண்டு கட்டுகிறவன் 2 கோடியே 65 லட்சத்துக்கும் வாய் திறக்க வேண்டியதில்லை! எந்த நியாயத் தராசில் நிறுத்து இந்த எடை போட்டார்கள்?

சட்டமன்றத்தில் ஜெரி ஹில், லோனி ஹேன்காக் என்னும் இரு உறுப்பினர்கள் இந்த அநியாயத்தைத் திருத்த முனைந்தார்கள். ஒப்பந்தக்காரர்களும் தங்கள் சமரசங்களை வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார்கள். உடனே கட்டடத் தொழில் சங்கங்கள் எதிர்த்து நின்றன. தப்பிப் பிழைத்த இளம்பெண் ஒருத்தியும், மகளைப் பறிகொடுத்த தாய் ஒருத்தியும் சேக்ரமெண்டோவுக்கு வந்து உறுப்பினர்கள் முன்னிலையில் சாட்சி சொன்னார்கள். கண்ணீரைக் கேட்ட மன்றம், காசையும் கேட்டது. 2016-இல் அந்த மசோதா சட்டமானபோது அதில் எஞ்சி நின்றது என்ன? இப்படித் தெரிவிப்பது பயன் தருமா என்று வாரியம் ஆராய்ந்து சொல்ல வேண்டுமாம்! வீடு பற்றி எரியும்போது, தண்ணீர் நெருப்பை அணைக்குமா என்று ஆராயக் குழு அமைத்தாற்போல.

ஆராய்ந்தார்கள். பயன் தரும் என்று அந்த ஆராய்ச்சியே கூறிற்று. அதன் பிறகு, 2018-இல், ஜெரி ஹில் மீண்டும் ஒரு மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார். 2019 ஜனவரி 1 முதல் தொடுக்கப்படும் வழக்குகளில் தீர்ப்போ சமரசமோ ஏற்பட்டால் ஒப்பந்தக்காரர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மகிழ்ச்சி என்கிறீர்களா? பொறுங்கள், அளவைப் பாருங்கள். 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் என்றால்தான். அதுவும் பல குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடம் என்றால்தான். வரைந்தவனுக்கு 5,000, கட்டியவனுக்கு 10 லட்சம்! சொந்தமாக வாங்கிய அடுக்கு வீடு இற்றுப்போனால்? சொல்ல வேண்டியதில்லை. தனி வீட்டின் மரத்தளம் இடிந்து குழந்தை விழுந்தால்? சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தவர்கள் சொன்ன வாதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அது முறை. சமரசம் செய்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது என்றார்கள். பெரும்பாலும் காப்பீட்டுக் கம்பெனிதான் வழக்குச் செலவுக்கு அஞ்சிப் பணத்தைக் கட்டி முடித்துவிடுகிறது, ஒரு கட்டடத்தில் இருபது துணை ஒப்பந்தக்காரர் இருந்தால் இருபது பேரையும் வழக்கில் இழுத்துவிடுகிறார்கள், ஜன்னல் மாட்டியவனும் அதில் அகப்பட்டுக்கொள்கிறான் என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஜன்னல் மாட்டியவன்மீது பால்கனிப் பழி விழக்கூடாதுதான். ஆனால் மருத்துவரின் காப்பீட்டுக் கம்பெனியும் அப்படித்தானே பணம் கட்டி முடிக்கிறது? அவருக்கு மட்டும் விதி எப்படி வந்தது? வாரியத்துக்குத் தெரிவிப்பது தண்டனையன்று. தெரிவித்ததும் லைசென்சு பறிபோய்விடுவதில்லை. இந்த ஆள் கட்டிய மூன்று கட்டடங்களில் ஒரே மாதிரி நீர்க்கசிவு வழக்கு வருகிறதே, போய்ப் பார்ப்போம் என்று ஓர் அதிகாரி எழுந்து போவதற்கான வாய்ப்பு, அவ்வளவே. அந்த வாய்ப்பையும் கொடுக்க மாட்டேன் என்கிறவர் எதை மறைக்கிறார்?

பர்க்லி ஒப்பந்தக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரைபடத்தையும் தொழில்முறையையும் வேண்டுமென்றே மீறியதாக 2016-இல் வாரியம் கண்டறிந்தது. 2017-இல் லைசென்சு போயிற்று. ஆறு பேரைப் புதைத்த பிறகு அந்த எண் செல்லாது என்று தெரியவந்தது!

லைசென்சு முறையின் உள்ளே இன்னொரு விந்தை இருக்கிறது. மின்சாரத்துக்கு ஒரு வகுப்பு, குழாய் வேலைக்கு ஒரு வகுப்பு, சுவருக்கு வண்ணக் காகிதம் ஒட்டுவதற்குக்கூட ஓர் உட்பிரிவு அந்தப் பட்டியலில் உண்டு. உயிர் நிற்கும் பால்கனித் தளத்தின் நீர்த்தடுப்புக்கு என்று தனி வகுப்பு இல்லை. கூரை வேலைக்கான சி-39 வகுப்பின் விளக்கத்தில் நீர்த்தடுப்பும் ஒரு சொல்லாக வருகிறது. பொதுக் கட்டட ஒப்பந்தக்காரர் முழுக் கட்டடத்தோடு சேர்த்து இதையும் எடுத்துக்கொள்வார். மரத்தளம் அமைப்பவருக்கு சி-61 என்னும் சிறு தொழில் வகுப்பில் டி-41 என்ற உட்பிரிவு இருக்கிறது. அந்தச் சிறு தொழில் வகுப்புக்கு நான்காண்டு அனுபவம் கேட்பார்கள், சட்டத் தேர்வு வைப்பார்கள், தொழில் தேர்வு வைக்க மாட்டார்கள். ஒப்பந்தப் பத்திரத்தை எப்படி எழுதுவது என்று கேட்டுத் தேற வைக்கிறார்கள். வாசற்படித் தகட்டை எப்படி மடிப்பது என்று கேட்பதில்லை. தளம் கட்டுகிறவர் ஒருவர், படலம் விரிக்கிறவர் ஒருவர், கம்பி நடுகிறவர் ஒருவர். கம்பி நடுகிறவர் படலத்தைத் துளைத்துவிட்டுப் போனால், படலக்காரர் தம் வேலை சரி என்பார், கம்பிக்காரர் தம் வேலை சரி என்பார். நீருக்கு மட்டும் இந்த எல்லைத் தகராறு தெரியாது, துளை எங்கேயோ அங்கே போகும்.

சிறு வேலைக்கு லைசென்சே வேண்டாம் என்ற விதியும் உண்டு. நெடுநாள் 500 டாலருக்குக் கீழான வேலைக்கு அந்த விலக்கு இருந்தது. 2025 ஜனவரி முதல் அதை 1,000 டாலராக உயர்த்திவிட்டார்கள். கட்டட அனுமதி தேவைப்படாத வேலையாகவும், செய்கிறவர் ஆள் வைத்துக்கொள்ளாதவராகவும் இருக்க வேண்டும். ஏழைக் கைவினைஞன் பிழைக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பால்கனி விரிசலுக்கு மேலே ஒரு டப்பா பசையைத் தேய்த்துவிட்டுப் போவது அநேகமாக இந்தத் தொகைக்குள் அடங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். விரிசல் மறையும், நீர் உள்ளேயே இருக்கும். வீட்டுக்காரருக்கு மனநிறைவு, பூசணத்துக்கு விருந்து.

நல்லதையும் சொல்கிறேன். பர்க்லி நகராட்சி ஒரு மாதத்துக்குள், 2015 ஜூலையிலேயே, பால்கனிகளை ஆறு மாதத்துக்குள் ஆராய வேண்டும் என்று விதி செய்தது. ஓர் ஊர் மன்றத்தால் ஒரு மாதத்தில் முடிந்தது! 2017-இல் மாநிலக் கட்டட விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மழையில் நனையும் பால்கனியின் நீர்புகாப் படலத்தை ஆய்வாளர் பார்த்து ஒப்புதல் தரும்வரை மூடக்கூடாது. மூடிய அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் வைக்க வேண்டும். இதைவிட எளிய விதி உண்டா? மூடுவதற்கு முன் பார்! இதை எழுதுவதற்கு ஆறு பிணங்கள் வேண்டியிருந்தன.

புதிய கட்டடத்துக்கு இது சரி. ஏற்கெனவே மூடிவிட்டவற்றுக்கு? 2018-இல் ஒரு சட்டம் வந்தது. மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள வாடகைக் கட்டடங்களில், தரையிலிருந்து ஆறடிக்கு மேலே, மரத்தைத் தாங்கலாகக் கொண்ட பால்கனி, படிக்கட்டு, நடைபாதை இவற்றை ஆறாண்டுக்கு ஒருமுறை ஆராய வேண்டும். ஒவ்வொரு வகையிலும் நூற்றுக்குப் பதினைந்தைப் பார்த்தால் போதும். 2019-இல் சொந்த அடுக்கு வீடுகளுக்கும் ஒரு சட்டம் வந்தது, அதில் ஒன்பதாண்டுக்கு ஒருமுறை. முதல் ஆய்வு முடிய வேண்டிய நாள் 2025 ஜனவரி 1. ஆறு ஆண்டு அவகாசம்! அந்த நாள் நெருங்கியதும் என்ன செய்தார்கள்? 2024-இல் இன்னொரு சட்டம் போட்டு வாடகைக் கட்டடங்களுக்கு 2026 ஜனவரி 1 வரை தவணையை நீட்டினார்கள். ஆய்வாளர்கள் போதவில்லையாம், செலவு மிகுதியாம். வாடகையை ஒரு நாள் தள்ளிக் கட்டினால் அபராதம் போடுகிறார்களே, குடியிருப்பவனுக்கு இப்படி யாராவது ஓராண்டு தவணை கொடுத்ததுண்டா?

இந்தத் தாமதத்துக்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. கட்டி முடித்த நாளிலிருந்து பத்தாண்டு கடந்துவிட்டால், மறைந்திருந்த குறைபாட்டுக்காகக் கட்டியவர்மீது வழக்குப் போட முடியாது என்பது கலிபோர்னியச் சட்டம். வஞ்சகமாக மறைத்தார் என்று மெய்ப்பித்தாலன்றி கதவு அடைபட்டதுதான். அப்படியானால் கணக்குப் பாருங்கள். பர்க்லி விபத்து நடந்த ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தின் பால்கனியை, நீட்டிய தவணையின் கடைசி மாதத்தில் திறந்து பார்க்கிறார் வீட்டுக்காரர். உள்ளே உத்திரம் பொடியாக இருக்கிறது. கட்டியவரிடம் போகிறார். பத்தாண்டு கடந்துவிட்டது ஐயா என்று அவர் கைகூப்பி அனுப்பிவிடலாம். தவணையை நீட்டியபோது யாருக்கு நீட்டினார்கள் என்று இப்போது புரிகிறதா? வீட்டுக்காரருக்கு நீட்டியதாகச் சொன்னார்கள். பலன் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

ஒரு குடும்பமோ இரு குடும்பமோ வாழும் வீடுகள் இந்த இரு ஆய்வுச் சட்டங்களிலும் சேரவில்லை. மலைச்சரிவில், தூண்மேல் தூண் நிறுத்திக் கட்டிய மரத்தளங்கள் அந்த மாநிலம் நெடுகிலும் உண்டு. மாலையில் உறவினரைக் கூட்டி விருந்து வைப்பதற்கென்றே கட்டியவை அவை. அங்கே ஆய்வு வீட்டுக்காரரின் விருப்பம்.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. கட்டடக் கலைஞருக்கு 5,000 டாலர் என்று எழுதிய அதே பேனாவால் ஒப்பந்தக்காரருக்கும் 5,000 என்று எழுதட்டும். வாடகைக் கட்டடம் என்ற சொல்லை அடித்துவிட்டு, மக்கள் வாழும் கட்டடம் என்று எழுதட்டும். லைசென்சு எண்ணைச் சரிபார்க்கிறவன் கண்ணில் அந்தக் கணக்கும் படட்டும். பால்கனி நீர்த்தடுப்புக்குத் தொழில் தேர்வோடு கூடிய தனி வகுப்பு ஏற்படட்டும். படலம் விரித்த பின், மேற்பூச்சுக்கு முன், தண்ணீரைத் தேக்கிவைத்து ஒரு நாள் பார்க்கட்டும். ஒரு குடம் தண்ணீரோடு நம் கொத்தனார் செய்து காட்டிய சோதனைதான் அது. இதனால் கட்டடத் தொழில் அழிந்துவிடும் என்று சங்கங்கள் கூக்குரலிடும். நேர்மையாகக் கட்டுகிற ஒப்பந்தக்காரர் ஏராளம் பேர் அங்கே இருக்கிறார்கள். மலிவான விலை சொல்லி வேலையைப் பறித்துக்கொண்டு, பிறகு சமரசத்தில் வாய்மூடும் போட்டிக்காரனால் முதலில் நசுங்குகிறவர்களும் அவர்களே. அவர்கள் கூக்குரலிட மாட்டார்கள்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ அங்கே மாடி வீட்டில் குடியிருந்தால், இந்த வாரம் தொலைபேசியில் பேசும்போது ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்கனியின் அடிப்புறத்தில் பழுப்புக் கறை இருக்கிறதா, மிதித்தால் மெத்தென்று அமுங்குகிறதா, கைப்பிடிக் கம்பி அசைகிறதா, மழை நின்ற பிறகும் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதில் கால் வைக்க வேண்டாம். ஒன்றும் இல்லாவிட்டாலும், 2026 ஜனவரி 1-க்குள் முடித்திருக்க வேண்டிய ஆய்வு முடிந்ததா, எந்த லைசென்சு உடையவர் பார்த்தார், என்ன கண்டார் என்று வீட்டுக்காரரை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். விடையையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.